கொட்டியாரக் குடாவின் மேல் ஐந்து வெள்ளிகள்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்து இரவுகளை எங்கள் மாவட்டத்தவர் எவரும் எளிதில் மறக்கமாட்டார்கள். நாளைக்குப் பௌசர் வரும் என்ற ஒரு சொல்லை நம்பி மோட்டார் சைக்கிள்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டு, ஆண்கள் தெருவோரத்தில் பாய்விரித்துப் படுத்த காலம் அது. கடற்றொழிலுக்குப் போகிறவர்கள் மண்ணெண்ணெய்க்காக வேறொரு வரிசையில் நின்றார்கள். கிண்ணியாவிலிருந்து பார்த்தால் வடக்கே குடாவுக்கு அப்பால் சீனக்குடா. பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 அங்கே காட்டுக்குள் இன்னும் நிற்கின்றன. ஒன்று 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்துபோனது. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் கரையில், அத்தனை குதங்களையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, நாங்கள் ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு இரவிரவாகக் காத்துக்கிடந்தோம்.

அந்த வரிசையில் நானும் இரண்டு இரவுகள் கிடந்தேன். தெருவில் படுத்திருப்பவனுக்கு வானத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. நள்ளிரவுக்கு முன்பே சனி எழுந்தது. அதன் பின்னால் வியாழன். அதன் பின்னால் சிவந்த செவ்வாய். சுபஹ் பாங்குக்கு முன் விடிவெள்ளி. அடுத்த பாயில் கிடந்த மச்சான் ஒருவர், "என்ன சேர், இண்டைக்கு வெள்ளியெல்லாம் ஒரு கயிறு கட்டின மாதிரி நிக்குது" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. கதிரவனிலிருந்து என்ன ஒழுங்கில் கோள்கள் இருக்கின்றனவோ அதே ஒழுங்கில், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் கிழக்கிலிருந்து தென்மேற்குவரை அந்த மாதம் விடியற்காலை வானில் நின்றன. கோள்கள் ஒரே பக்கத்தில் கூடுவது அவ்வளவு அபூர்வமில்லை. வரிசை குலையாமல் நிற்பதுதான் அபூர்வம்.

நான்கைப் பார்ப்பது சுலபம். படுத்த படுக்கையிலேயே பார்க்கலாம். சிக்கல் புதனில்தான். அது கதிரவனை விட்டு ஒருபோதும் அதிகம் விலகுவதில்லை. ஜூன் 16ஆம் திகதி அது கதிரவனிலிருந்து ஏறத்தாழ 23 பாகை விலகியிருந்தது. அந்தச் சுற்றில் அதற்குமேல் அது விலகவில்லை. அடிவானத்துக்கு மிக அருகில், விடியல் வெளுப்புக்குள், அரைமணி நேரமே கைக்கு அகப்படும். அதற்குக் கிழக்கே தடையில்லாத கடல் வேண்டும். கடல் எங்களிடம் இருந்தது. நேரமும் பொருத்தமாக இருந்தது. ஜூன் மாதத்தில் எங்கள் பக்கம் கச்சான் காற்றுக் காலம். மழை நாட்டின் அந்தப் பக்கத்துக்கு. எங்களுக்கு வெயிலும் தெளிந்த வானமும். சுபஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசலால் இறங்கினால் கதிரவன் எழ முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்.

சாதாரண தரம் படிக்கும் மாணவர் எட்டுப் பேர் வந்தார்கள். கட்டாரில் வேலைசெய்து திரும்பிய ஒருவர் தன் பைனாகுலரை இரவல் தந்தார். ஒரு பயிற்சிக் கொப்பி. அதில் திகதி, நேரம், வானநிலை, கண்டது, கண்டவர் என்று ஐந்து நிரல்கள். இவ்வளவுதான் எங்கள் வானியற் கூடம்.

17ஆம் திகதி வெள்ளிக்கிழமை முதல் முறை போனோம். அடிவானத்தில் ஒரு முழ அகலத்துக்கு முகில் பட்டை. நான்கு கோள்கள், புதன் இல்லை. 20ஆம் திகதி முகில் குறைவு. ஆனால் கடலுக்குமேல் பால்போலப் புழுக்க மூட்டம். திடீரென்று ஒரு மாணவன், "கண்டன் சேர், கண்டன்" என்று கத்தினான். மற்ற ஏழு பேரும் அவன் விரல் போன திசையில் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கு எந்தப் பக்கம், எத்தனை விரல் கீழே, அப்போது எத்தனை மணி என்று கேட்டேன். திசையைச் சொன்னான், உயரம் தடுமாறியது, நேரம் அவனிடம் இல்லை. கொப்பியில் நான் எழுதியது: "ஒருவர் கண்டதாகக் கூறினார். நேரம் இல்லை." பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பொய் சொல்லும் பிள்ளையல்ல அவன். ஆனால் கண்டதற்கும், கண்டதாக நிலைநாட்டுவதற்கும் இடையில் இருக்கும் தூரத்தை அன்று அவனுக்கு எப்படி விளக்குவது?

அதை விளக்கத்தான் அடுத்த நாள் வகுப்பில் மோல்ஸ்வேர்த்தின் கதையைச் சொன்னேன். எங்கள் மாவட்டத்து வரலாற்றை எழுதுகிறவர்கள் கோணேசர் கோயிலையும், போர்த்துக்கேயர் அதை இடித்ததையும், ஒல்லாந்தர் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறியதையும், கடற்படைத் தளத்தையும் எழுதுவார்கள். கோட்டைக்குள் ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை எழுதுவதில்லை.

பேர்சி பிரேபுரூக் மோல்ஸ்வேர்த் 1867 ஏப்ரல் 2ஆம் திகதி கொழும்பிற் பிறந்தவர். தந்தை சேர் கில்ஃபோர்ட் மோல்ஸ்வேர்த், இலங்கைக்குப் புகையிரதப் பாதை வந்த காலத்துப் பொறியியலாளர். மகன் பிரித்தானிய இராணுவத்தின் பொறியியற் படையிற் சேர்ந்து அதிகாரியாகி, திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார். பகலில் அரண் வேலை, இரவில் கோள்கள். கால்வர் என்ற ஆங்கிலத் தொழிலாளி வடித்த 12½ அங்குல ஆடித் தொலைகாட்டி ஒன்றை 1890களில் அவர் இங்கே நிறுவினார். அக்காலத்தில் அது ஒரு தனியாளிடம் இருப்பதற்குப் பெரிய கருவி. சம்பளத்துக்காக வானம் பார்த்தவரல்லர் அவர். 1890இல் தொடங்கப்பட்ட பிரித்தானிய வானியற் சங்கத்தின் உறுப்பினர். அந்தச் சங்கமே பெரும்பாலும் ஆர்வலர்களின் சங்கம்தான். பாதிரிமார், வைத்தியர்கள், வியாபாரிகள், எங்களைப் போன்ற பள்ளிக்கூட வாத்திமார்.

அவர் செய்த வேலை என்னவென்று விளங்கினால்தான் அவர் அருமை விளங்கும். வியாழன் தன்னைத்தானே பத்து மணித்தியாலத்துக்குள் ஒரு தரம் சுற்றிவிடுகிறது. அதன் முகத்தில் பட்டைகளும் புள்ளிகளும் தெரியும். ஒரு புள்ளி வட்டத்தின் நடுக்கோட்டைக் கடக்கும் நிமிடத்தை எழுதிக்கொள்ள வேண்டும். சில நாட்கள் கழித்து அதே புள்ளி மறுபடி கடக்கும் நிமிடத்தை எழுத வேண்டும். இரண்டுக்குமிடையில் எத்தனை சுற்று, எத்தனை நிமிட வித்தியாசம் என்று கணக்குப் போட்டால் அந்தப் புள்ளி எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று தெரியும். கேட்க எளிதாக இருக்கிறது. மோல்ஸ்வேர்த் ஒரே ஆண்டில் இப்படி ஆயிரக்கணக்கான கடப்புகளை நிமிடம் தவறாமல் எழுதினார். நுளம்புக்கடியோடும் வேர்வையோடும் இருட்டில் ஒரு கண்ணைக் கண்ணாடியில் வைத்தபடி எழுதியவை அவை.

1901ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வியாழன் தனு இராசியில் நின்றது. சனி அதன் பக்கத்திலேயே. இரண்டும் அந்த ஆண்டு நவம்பரில் ஒன்றையொன்று நெருங்கிச் சேரவிருந்தன. வானத்தின் தெற்குக் கோடியில் இருந்ததால், லண்டனில் இருந்து பார்ப்பவருக்கு வியாழன் அடிவானத்திலிருந்து 15 பாகைக்குமேல் ஏறாது. அங்கே புகையும் பனியும்தான். திருகோணமலையிலோ அது 58 பாகைக்கு ஏறும். பெப்ரவரி மாதக் கடைசி. வாடைக்கால மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும் பருவம். வியாழன் எழுவது நள்ளிரவு கடந்து, பார்க்க உகந்த உயரத்துக்கு வருவது விடியப்போகும் வேளையில். அப்படியொரு விடியற்காலையில்தான் வியாழனின் தென் நடுப்பட்டையின் ஓரத்தில் முன்பு இல்லாத ஒரு சிறு கருமைப் புடைப்பை மோல்ஸ்வேர்த் கண்டார். அது வளர்ந்து நீண்டு, தென் அயனமண்டலக் குழப்பம் என்று பெயர் பெற்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது வியாழனைச் சுற்றி ஓடி, பெருஞ்சிவப்புப் புள்ளியை இடைக்கிடை கடந்து சென்று, 1940ஐ அண்டி மறைந்தது. அதை முதலில் பார்த்த கண் திருகோணமலையில் இருந்த கண்.

1903இல் அவர் செவ்வாயையும் வரைந்தார். 1906இல் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றும் இங்கேயே இருந்தார். 1908 டிசம்பர் 25ஆம் திகதி வயிற்றுளைவு நோயில் திருகோணமலையிலேயே இறந்தார். வயது 41. செவ்வாயில் ஒரு பெரும் பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் ஒரு ஒழுங்கைக்குக்கூட இல்லை.

அவருக்கு முன்பும் ஒரு தடவை வெளியார் வானம் பார்க்க இங்கு வந்திருக்கிறார்கள். 1871 டிசம்பர் 12ஆம் திகதி காலை முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவையும் இலங்கையின் வடக்கையும் கடந்தபோது, ஆங்கில அரசு அனுப்பிய குழுவினர் ஆங்காங்கே பிரிந்து நின்றார்கள். அவர்களில் ஹென்றி நொட்டிட்ஜ் மோஸ்லி என்ற இளைஞர் திருகோணமலைக்கு வந்து, நிறமாலைகாட்டியால் கதிரவனின் ஒளிவளையத்தை ஆராய்ந்தார். வந்த இடத்தில் சும்மா இருக்காமல் ஈரமண்ணில் ஊரும் தட்டைப்புழுக்களையும் சேகரித்துக்கொண்டு போனார். பின்னர் சலஞ்சர் கப்பலில் உலகம் சுற்றிய இயற்கையியலாளர் அவர்தான்.

இவர்களெல்லாம் ஆண்ட இனத்தவர்; கையில் கருவி, பின்னால் சாம்ராச்சியம். தொலைகாட்டியைக் கரையேற்றிய கூலி யார், இரவுக் காவல் நின்றவன் யார், அவனும் ஒரு தரம் அந்தக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தானா என்பதையெல்லாம் அந்தக் குறிப்புகளில் தேட முடியாது. அவை கோள்களைப் பற்றியவை, ஆட்களைப் பற்றியவையல்ல. இதில் எனக்கு மனக்குறை உண்டு. ஆனாலும் நிமிடத்தை எழுதிவைத்தவன் யாராக இருந்தாலும், நூறு வருடம் கழித்தும் அவன் எழுத்து செல்லுபடியாகிறது என்பதை மறுக்க முடியவில்லை.

நம்மவர் வானம் பார்க்கவில்லையா என்றால், நம்மளவுக்கு வானத்தோடு கட்டுண்ட சமூகம் வேறெது? தொழுகை நேரம் கதிரவனைக் கொண்டு. மாதம் பிறையைக் கொண்டு. என் மூத்தவாப்பா கடற்றொழில் செய்தவர். ஆறாமீன் எழுவதையும் விடிவெள்ளி எழுவதையும் வைத்துத்தான் வலை இழுக்கும் நேரத்தை அறிவார். கடிகாரம் அவரிடம் இருந்ததில்லை. சமர்கந்தில் உலூக் பேக் கட்டிய ஆய்வுக்கூடத்தையும் அல்பிரூனியின் அளவைகளையும் பற்றி நாம் மீலாத் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். பேசலாம், தவறில்லை. ஆனால் அதே வரலாற்றில் இன்னொரு இழையும் ஓடுகிறது. அதையும் சொல்லவேண்டும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபூ மஃஷர், வியாழனும் சனியும் சேரும் கிரான்களைக் கொண்டு அரச வம்சங்களின் எழுச்சி வீழ்ச்சியையே கணித்தார். கோள் சேர்க்கை அரசர்களுக்கு இனித்தது. தைமூர் தன்னை ஸாஹிப் கிரான், அதாவது நற்சேர்க்கையின் நாயகன் என்று அழைக்க வைத்தார். ஷாஜகான் இரண்டாம் ஸாஹிப் கிரான் ஆனார். இனிக்கிறது என்றால் கசக்கவும் வேண்டுமே. ஹிஜ்ரி 582, அதாவது கி.பி. 1186 செப்டம்பரில் எல்லாக் கோள்களும் துலா இராசியிற் கூடின. துலாம் காற்று இராசி. எனவே ஊர்களைப் பெயர்க்கும் புயல் வரும் என்று சோதிடர்கள் அறிவித்தார்கள். பாரசீகத்தின் பெருங்கவிஞர் அன்வரியும் அவர்களில் ஒருவர். ஐரோப்பாவிலும் இதே அச்சம் கடிதங்களாகப் பரவியது. குறித்த இரவு வந்தது. காற்றென்றால் காற்றே இல்லை. மினாராவின் உச்சியில் ஏற்றிய விளக்குக்கூட அணையவில்லை என்று கதை. அன்வரி ஊராரின் கேலி தாங்காமல் இடம்பெயர்ந்தாராம். கஸீதாவில் மன்னனைப் புகழ்ந்து பிழைப்பது இதைவிடப் பாதுகாப்பான தொழில் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

இந்த வியாபாரத்துக்கு எதிரான குரலும் நம்மிடமே இருந்தது. இப்னு கல்தூன் தன் முகத்திமாவில் சோதிடத்தை மறுத்து ஒரு பகுதியே எழுதினார். அதற்கெல்லாம் முன்பே, கி.பி. 632 ஜனவரியில் மதீனாவில் கிரகணம் பிடித்த நாளிலேயே நபியவர்களின் மைந்தர் இப்ராஹீம் மரணித்தபோது, குழந்தையின் மரணத்துக்காகவே கதிரவன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். அந்தப் பேச்சை நபியவர்கள் ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ சூரிய சந்திரருக்குக் கிரகணம் பிடிப்பதில்லை. அவை இறைவனின் அத்தாட்சிகள் என்றார்கள். துக்கத்தில் இருக்கும் ஒரு தந்தை, தன் துக்கத்துக்கு வானம் சாட்சி சொன்னது என்ற பெருமையை வேண்டாமென்று தள்ளிய நாள் அது.

1962 பெப்ரவரி தொடக்கத்தில் சூரியன், சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஏழும் மகர இராசியிற் கூடின. கேதுவையும் சேர்த்து அட்டக்கிரகம் என்றார்கள். இந்தியா முழுவதும் யாகங்கள் நடந்தன. உலகம் அழியும் என்று மக்கள் நடுங்கினார்கள். பிரதமர் நேரு சிரித்துத் தள்ளிவிட்டார். எங்கள் மூத்தம்மாவும் அந்த எட்டுக் கிரகத்தைப் பற்றிச் சொல்வார். ஊரில் கத்தம் ஓதினார்களாம். நேர்ச்சைச் சோறு நல்ல ருசியாம். 2000ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி மறுபடியும் கூடின. மறுபடியும் அழிவுக் கதை. அப்போது நான் கலாசாலைக்குப் போகாத இளைஞன். ஆனையிறவு விழுந்து இரண்டு வாரமாகியிருந்த நேரத்தில், அழிவைக் கோள்களிடம் கேட்டறிய வேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கொன்று பட்டது. 1186, 1962, 2000 ஆகிய மூன்று சேர்க்கைகளையும் அவற்றுக்கு அஞ்சியவர்கள் வானத்தில் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. மூன்றிலும் கதிரவன் நடுவில் நின்றது. கோள்கள் அதன் பிரகாசத்துக்குள் ஒளிந்திருந்தன. அவை பஞ்சாங்கத் தாளில் மட்டும் கூடியவை. மனிதர்கள் அஞ்சியதெல்லாம் தாளிலிருந்த கூட்டத்துக்கே. 2022 ஜூனில் ஐந்தும் கண்ணுக்கு முன்னால் விடிய விடிய நின்றன. 2011 மே மாதமும் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் நான்கும் விடியற்காலையில் நெருங்கி நின்றன. எந்தப் பயமும் இல்லை. கயிறு கட்டின மாதிரி இருக்கிறது என்று மச்சான் சொன்னார், திரும்பிப் படுத்தார்.

இப்படி நான் நிம்மதியாக ஒரு முடிவுக்கு வந்திருந்த வேளையில்தான் 24ஆம் திகதி விடிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அடிவானம் கண்ணாடி. தேய்பிறை, செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் நின்றது. கதிரவனிலிருந்து எண்ணினால் அது பூமியின் இடம். தன் வீட்டுக்குத் தானே காவல் நிற்பதுபோல இருந்தது. வெள்ளிக்குப் பக்கத்தில் ஆறாமீன். தலைக்கு மேல் வியாழன். தென்மேற்கே சனி. 5 மணி 8 நிமிடத்துக்கு இரண்டு மாணவர்கள் ஒரே நேரத்தில், ஒருவர் கையை ஒருவர் பார்க்காமல், வெள்ளிக்குக் கீழே இடப்பக்கம் புதனைக் காட்டினார்கள். 20ஆம் திகதி கண்டதாகச் சொன்னவன் மூன்றாவது. பைனாகுலரில் பார்த்து நான் உறுதிசெய்தேன். பெற்றோல் வரிசையிலிருந்த ஐந்தாறு பேரும் வந்து பார்த்தார்கள். ஒருவர், "ஐஞ்சும் வந்திட்டு, பௌசர் மட்டுந்தான் வரயில்ல" என்றார். கரையே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு மாணவன் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி கேட்டான்: "சேர், இந்த ஐஞ்சும் இப்பிடி வரிசையா கடைசியா நிண்டது 2004 டிசம்பர்லயாம். மெய்தானா?"

வரிசையிலிருந்து வந்தவர்கள் யாரும் எதுவும் பேசவில்லை. என் மாணவர்கள் எல்லோரும் சுனாமிக்குப் பின் பிறந்தவர்கள். பெரியவர்களில் ஒருவருக்குக்கூட அந்தக் கரையில் ஆளை இழக்காத வீடு இல்லை. நாங்கள் நின்ற இடத்தில் அன்று என்ன கிடந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

மெய்தான் என்றேன். மெய்யை மறைத்து ஒரு பாடத்தை நடத்த முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்று விடியும்போது கிழக்கே வெள்ளியும் புதனும் ஒட்டினாற்போல் நின்றன, சற்று மேலே செவ்வாய், உயரத்தில் வியாழன், மேற்கே பௌர்ணமி நிலவும் சனியும். எங்கள் நேரம் 6 மணி 58 நிமிடத்துக்குச் சுமாத்திராவுக்கு அருகே கடலடி பிளந்தது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்துக் கடல் எங்கள் ஊருக்குள் வந்தது. இந்து சமுத்திரக் கரைகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

ஆக, பார்க்கக்கூடிய சேர்க்கைக்கு யாரும் அஞ்சவில்லை என்ற என் முடிவுக்கும் விலை வந்துவிட்டது. அஞ்சியிருக்க வேண்டுமோ? அந்தக் கேள்வி அவன் முகத்திலும் இருந்தது, வரிசைக்காரர் முகத்திலும் இருந்தது. கணக்கைச் சொன்னேன். வெள்ளி பூமிக்கு மிக அண்மையில் வரும்போதுகூட, கடலை இழுக்கும் அதன் வலிமை சந்திரனுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வியாழன் அதைவிடவும் குறைவு. சந்திரனோ வருடத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று தரம் முழுமையடைகிறது. பன்னிரண்டு சுனாமி வருவதில்லை. அங்கே கடலுக்கடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் நூற்றாண்டுக் கணக்காக அழுந்திக்கொண்டிருந்தது. தாங்க முடியாத ஒரு நாளில் ஆயிரத்து இருநூறு கிலோமீற்றருக்குமேல் கிழிந்தது. அந்த நாளுக்கும் மேலே நின்ற வெள்ளிகளுக்கும் தொடர்பில்லை. இதோ, இந்த மாதம் முழுக்க அதே ஐந்தும் அதே ஒழுங்கில் நிற்கின்றன. கடல் அதன் இடத்தில் கிடக்கிறது. அழிவு வந்திருக்கிறது, அது வந்த வழி கொழும்பு, வானமல்ல.

கணக்கு மூளைக்குப் போதும். நின்றவர்களில் வயதானவர், சுனாமியில் மகளைக் கொடுத்தவர், கொஞ்ச நேரம் விடிவெள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்கும் நான் இதக் கண்ட நான். வலைய ஏத்திக்கொண்டு வரக்குள்ள. வடிவா இருந்திச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இப்ராஹீமின் கிரகணத்தைப் பற்றி நான் பிள்ளைகளுக்குச் சொல்ல எண்ணியிருந்தேன். சொல்லவில்லை. அன்று பிற்பகல் ஜும்ஆவுக்குப் பிறகுதான் சொன்னேன்.

புதன் 5 மணி 26 நிமிடத்துக்கு வெளுப்பில் மறைந்தது. கொப்பியில் இருக்கிறது.

இந்தக் கொப்பியை நான் இவ்வளவு பெரிதுபடுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2013 ஆகஸ்டில் ஷவ்வால் பிறை தொடர்பாகக் கிண்ணியாவின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தத் தர்க்கத்தை இங்கே கிளறுவது என் நோக்கமல்ல. கண்டோம் என்றவர்களைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களிற் சிலரின் பின்னால் நின்று நான் தொழுதிருக்கிறேன். என் ஆதங்கம் சிறியது. அன்று மாலை எந்தக் கரையில், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு, கதிரவன் மறைந்த இடத்திலிருந்து எந்தப் பக்கம், எத்தனை விரல் உயரத்தில், பிறையின் கொம்பு எத்திசை நோக்கி என்று அந்த நேரத்திலேயே எழுதப்பட்ட ஒரு தாள் இருந்திருக்கலாம். பன்னிரண்டு மாதமும் 29ஆம் நாள் மாலையில் கரைக்குப் போய், காணாத நாளையும் காணவில்லை என்று எழுதிவைக்கும் ஒரு பழக்கம் ஊரில் இருந்திருந்தால், கண்ட நாளின் சொல்லுக்குக் கனம் கூடியிருக்கும். மோல்ஸ்வேர்த்தின் சிறு புடைப்பை லண்டன்காரர்கள் நம்பியது அவர் பெரிய அதிகாரி என்பதற்காக மட்டுமல்ல. அதற்கு முன் ஆயிரக்கணக்கான தரம் அவர் நிமிடத்தோடு எழுதியிருந்தார்.

விடியற்காலைப் பிறை மாலைப் பிறைக்கு வாத்தியார் என்பதும் அந்த மாதத்தில்தான் பிள்ளைகளுக்கு விளங்கியது. 27ஆம் திகதி, பெற்றோல் விற்பனையையே நிறுத்திவிடுவதாக அறிவித்த அதே திங்கட்கிழமை, மெல்லிய தேய்பிறை புதனுக்கு அருகில் தொங்கியது. அதற்கடுத்த நாட்களில் அது கதிரவனுக்குள் மறைந்தது. 29ஆம் திகதி காலையில் அமாவாசை கழிந்தது. அன்று மாலையே துல்ஹஜ் பிறை பார்க்கப் போவோம் என்று மாணவர்கள் துடித்தார்கள். பிறைக்கு வயது பத்து மணித்தியாலம்தான், தெரியாது என்றேன். தெரியாது என்பதையும் பார்த்து எழுதவேண்டும் என்று சொல்லித் தந்தது நீங்கள்தானே என்று மடக்கினான் ஒருவன். போனோம். மேற்கே வயல்வெளிப் பக்கமாக நின்று மஃரிப் பாங்கு சொல்லும்வரை பார்த்தோம். "வானம் தெளிவு. காணவில்லை. எட்டுப் பேர்" என்று எழுதினோம்.

30ஆம் திகதி மாலை முகில் சிதறல்களுக்கிடையில் அது நன்றாகவே தெரிந்தது. புதனை நேரமில்லாமல் கண்ட அந்தப் பையன்தான் முதலிற் கண்டான். வாயைத் திறப்பதற்கு முன் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தான்.